முள் நின்றால் மீட்டரைக் கழற்றாதீர்கள்: பழைய பிக்கப்பின் மின்னணு வேகமானி வேலை செய்யும் விதம்

வண்டி அறுபது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று வேக முள் பூஜ்யத்தில் விழுகிறது. கொஞ்ச தூரம் போனதும் துள்ளி எழுந்து நாற்பதுக்கும் எண்பதுக்கும் நடுவே ஆடுகிறது. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி சரியாக நிற்கிறது. இதைப் பார்த்ததும் வாயில் வருவது "மீட்டர் போச்சு" என்பதுதான். பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் வயதானவராக இருந்தால் "கேபிள் அறுந்திருக்கும்" என்பார்.

1990களின் பிக்கப் ஒன்றைப் பற்றிப் பேசுகிறோம் என்றால் இரண்டும் பெரும்பாலும் தப்பு. அந்த வண்டிகள் பலவற்றில் வேகமானிக்குக் கேபிளே கிடையாது. மீட்டரும் தானாக எதையும் அளப்பதில்லை. வேறு எங்கோ அளந்து அனுப்பும் செய்தியைப் படித்துச் சொல்வதுதான் அதன் வேலை. செய்தி வராவிட்டால் மீட்டர் என்ன செய்யும்? இது தெரியாமல் பழைய இரும்புக் கடையில் தேடிப்பிடித்து இன்னொரு மீட்டர் வாங்கி மாட்டி, அதிலும் முள் விழுவதைப் பார்த்துத் தலையில் கை வைத்தவர்கள் நிறையப் பேர். தவிர்த்திருக்கக்கூடிய செலவு அது. அதனால்தான் இதை அடியிலிருந்து விளக்கலாம் என்று நினைத்தேன்.

உதாரணத்துக்கு அமெரிக்காவில் ஓடும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன்: 1992 முதல் 1996 வரை வந்த ஃபோர்டு எஃப்-150 பிக்கப். இதில் செய்தி போகும் பாதை எளிமையானது. ஒருமுறை புரிந்துகொண்டால் மற்ற பழைய வண்டிகளையும் அதே கண்ணால் பார்க்கலாம்.

கேபிள் இருந்த காலம்

ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஷுல்ஸே 1902இல் காப்புரிமை பெற்ற வேகமானிதான் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு உலகம் முழுக்க ஓடியது. கியர் பாக்ஸிலிருந்து ஒரு முறுக்குக் கேபிள் டேஷ்போர்டு வரை வரும். சக்கரம் சுற்றினால் கேபிளும் சுற்றும். அதன் முனையில் உள்ள காந்தம் ஒரு சிறு அலுமினியக் கிண்ணத்துக்குள் சுற்றும். காந்தம் கிண்ணத்தைத் தொடாது. ஆனாலும் சுற்றும் காந்தம் கிண்ணத்தில் உண்டாக்கும் மின்னோட்டம் அதையும் கூடவே இழுக்கும். ஒரு சுருள் கம்பி அதைப் பிடித்து நிறுத்தும். இந்த இழுபறியில் முள் நிற்கும் இடம்தான் வேகம்.

அந்த அமைப்பில் முள் நடுங்கினால் கேபிள் உலர்ந்திருக்கும். முள் செத்தால் கேபிள் அறுந்திருக்கும். அந்த அனுபவம் நம் பேச்சில் அப்படியே தங்கிவிட்டது. எஃப்-150இல் 1991 வரை கேபிள்தான். 1992 மாடலில் அது போய்விட்டது. அதற்குப் பதிலாக வண்டியின் பின்பக்கத்திலிருந்து இரண்டு மெல்லிய ஒயர்கள் வந்தன. பழைய அறிகுறிகளுக்குப் பழைய காரணங்களைத் தேடுவது அதற்குப் பிறகு பலிக்காது.

சைக்கிள் கம்பியும் அட்டையும்

சிறு வயதில் சைக்கிள் சக்கரத்தின் ஆரக் கம்பிகளுக்கு நடுவே ஒரு அட்டைத் துண்டைச் செருகி ஓட்டியிருப்பீர்கள். மெதுவாகப் போனால் "டக்... டக்... டக்". வேகம் பிடித்தால் "டர்ர்ர்" என்று மோட்டார் சைக்கிள் மாதிரி ஒரே சத்தம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே வண்டி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று சொல்லிவிடலாம். ஒரு நொடியில் அட்டை எத்தனை தட்டு தட்டுகிறது என்பதை நம் காது எண்ணிவிடுகிறது.

மின்னணு வேகமானியின் முழுத் தத்துவமும் இதுதான். சைக்கிள் கம்பிகளின் இடத்தில் பல் வெட்டிய ஒரு இரும்பு வளையம் இருக்கிறது. அதைப் பல்வளையம் என்போம். அட்டையின் இடத்தில் இருப்பது சென்சார்: பற்கள் தன்னைக் கடப்பதை உணர்ந்து ஒயரில் செய்தி அனுப்பும் சிறு கருவி. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது அது அனுப்பும் ஒரு மின்தட்டுக்குப் பெயர் துடிப்பு. ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு என்று டேஷ்போர்டில் உள்ள சர்க்யூட் எண்ணுகிறது. எண்ணிக்கை கூடினால் முள் ஏறும், குறைந்தால் இறங்கும்.

அட்டை கம்பியைத் தொடுகிறது. சென்சாரோ பல்லைத் தொடுவதே இல்லை, சிறு இடைவெளி விட்டு நிற்கிறது. தொடாமல் எப்படி உணர்கிறது? அதற்கும் சைக்கிளிடமே போகலாம்.

டைனமோ விளக்கு சொல்லும் ரகசியம்

பழைய சைக்கிள்களில் டயரில் உரசி ஓடும் டைனமோ இருந்தது. மெதுவாக மிதித்தால் விளக்கு மினுக் மினுக் என்று எரியும். அழுத்தி மிதித்தால் பளிச்சென்று எரியும். உள்ளே ஒரு காந்தமும் ஒரு கம்பிச் சுருளும்தான். சுருளைச் சுற்றிக் காந்தப் புலம் மாறினால் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். மாற்றம் எவ்வளவு வேகமாக நடக்கிறதோ அவ்வளவு மின்னழுத்தம்.

வண்டியின் சென்சாருக்குள்ளும் ஒரு காந்தம், அதன் மேல் ஒரு கம்பிச் சுருள். இங்கே காந்தம் அசைவதில்லை. அதன் முன்னால் இரும்புப் பல் வரும்போது காந்தப் புலம் ஒரு மாதிரி, பல்லுக்குப் பல் நடுவே உள்ள பள்ளம் வரும்போது வேறு மாதிரி. இந்த ஏற்ற இறக்கமே சுருளில் மின்சாரத்தை உண்டாக்குகிறது. சென்சாருக்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கத் தேவையில்லை. அது தானே ஒரு குட்டி டைனமோ.

ஒரு விஷயத்தை இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள், முள்ளின் பாதிக் கோளாறுகள் இதில்தான் இருக்கின்றன. வேகம் கூடும்போது துடிப்புகளின் எண்ணிக்கையும் கூடுகிறது, ஒவ்வொரு துடிப்பின் பலமும் கூடுகிறது. மீட்டர் எண்ணுவது எண்ணிக்கையை மட்டும்தான், பலத்தைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. ஆனால் துடிப்பு மிகவும் பலவீனமாக இருந்தால் அது மீட்டரின் காதில் விழாது. முணுமுணுத்துப் பேசுபவரின் சொற்களை எப்படி எண்ணுவது?

அதனால்தான் சென்சார் களைத்துப் போன வண்டியில் இருபது மைல் வேகம் வரை முள் அசையாது, அதைத் தாண்டியதும் சட்டென்று எழுந்து சரியான இடத்தில் நிற்கும். மெதுவாகப் போகும்போது பல் கடப்பதில் பிறக்கும் மின்சாரம் போதவில்லை, வேகம் வந்ததும் போதுகிறது. "முள் இறுகிப்போய்விட்டது, சூடானதும் இளகுகிறது" என்று இதற்குப் பலர் காரணம் சொல்வார்கள். முள்ளில் ஒரு குறையும் இருக்காது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால்: பல்வளையம் சுற்றுகிறது, சென்சார் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு துடிப்பு அனுப்புகிறது, மீட்டர் அதை எண்ணுகிறது. துடிப்பே வராவிட்டால் முள் சாகும். பலவீனமாக வந்தால் மெதுவான வேகத்தில் மட்டும் சாகும். விட்டு விட்டு வந்தால் ஆடும்.

எஃப்-150இல் செய்தி போகும் பாதை

இந்தப் பிக்கப்பில் சென்சார் இருக்கும் இடம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இன்ஜினிலோ கியர் பாக்ஸிலோ தேடினால் கிடைக்காது. வண்டியின் பின் ஆக்ஸிலின் நடுவே உருண்டையாகத் தொங்குகிறதே டிஃபரன்ஷியல், அதாவது இன்ஜினின் சக்தியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, அதன் தலையில் ஒரே போல்ட்டில் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. உள்ளே கிரவுன் சக்கரத்தோடு, அதாவது டிஃபரன்ஷியலின் பெரிய கியரோடு, சேர்ந்து சுற்றும் பல்வளையத்தைப் பார்த்தபடி அதன் முனை நிற்கும்.

எஃப்-150இல் வழக்கமாக இருக்கும் 8.8 அங்குல ஆக்ஸிலில் அந்த வளையத்துக்கு 108 பற்கள். இந்த வண்டியில் பரவலாக இருந்த 235/75 ஆர்15 டயர் ஒரு மைலுக்கு ஏறக்குறைய 700 சுற்று சுற்றும். ஆக ஒரு மைலுக்குச் சுமார் 75,000 துடிப்பு. மணிக்கு 60 மைல் என்றால் நிமிடத்துக்கு ஒரு மைல், நொடிக்குச் சுமார் 1,250 துடிப்பு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சோதனை செய்யும்போது கைகொடுக்கும்.

துடிப்புகள் இரண்டு ஒயர் வழியாக வண்டியின் சேஸிஸ் ஓரமாகவே முன்னால் வருகின்றன. டேஷ்போர்டில் உள்ள வேகமானி, வெறும் முள்ளாக இல்லாமல் ஒரு சிறு கணினியாகவே இருக்கிறது. துடிப்புகளை எண்ணி, டயர் அளவைக் கணக்கில் எடுத்து, முள்ளை நகர்த்தி, ஓடிய தூரத்தையும் கூட்டி வைக்கிறது. அதோடு அதன் வேலை முடிவதில்லை. வேகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டிய மற்றவர்களுக்கும் அதுதான் செய்தி அனுப்புகிறது: இன்ஜின் கம்ப்யூட்டர், வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் ஆகியவை. மின்னணுக் கட்டுப்பாட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் இருந்தால் அதன் கியர் மாற்றமும் இந்தச் செய்தியை நம்பித்தான் நடக்கிறது.

இன்னொருவரும் இருக்கிறார். பின் சக்கரம் பிரேக்கில் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் பெட்டி, நாம் ஏபிஎஸ் என்று சொல்வது. அது வேகமானியைக் கேட்பதில்லை. அதே சென்சாரின் ஒயரிலிருந்து பிரியும் கிளை வழியாகச் செய்தியை நேராக வாங்கிக்கொள்கிறது. உண்மையில் இந்த சென்சாருக்கு ஏபிஎஸ் சென்சார் என்றுதான் பெயர். வேகமானி அதைப் பங்கு போட்டுக்கொள்கிறது.

ஓட்டுநர் இருக்கையிலேயே பாதி விடை

தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் என்ன செய்வோம்? "உங்க வீட்டில் வருதா?" என்று பக்கத்து வீட்டில் கேட்போம். அங்கும் வரவில்லை என்றால் மெயின் லைனில் கோளாறு. அங்கே வருகிறது என்றால் நம் வீட்டுக் குழாயில். வேகமானிக்கும் இதே கேள்விதான். செய்தி வேறு யாருக்கு வரவில்லை?

முள் சாகும்போது ஏபிஎஸ் விளக்கும் எரிந்தால், சென்சார், பல்வளையம் அல்லது இரண்டுக்கும் பொதுவான ஒயரில் கோளாறு. இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. மீட்டரைத் தொடவே வேண்டாம். முள் செத்தும் ஏபிஎஸ் விளக்கு அமைதியாக இருந்தால், சென்சார் பேசிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். கோளாறு டேஷ்போர்டுப் பக்கம்.

இதை நம்புவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். சாவியைத் திருப்பும்போது ஏபிஎஸ் விளக்கு ஓரிரு நொடி எரிந்து அணைய வேண்டும். முப்பது வருஷ வண்டியில் பல்ப் எப்போதோ போயிருக்கலாம். விளக்கு எரிவது பிடிக்காத முந்தைய உரிமையாளர் அதைக் கழற்றியும் இருக்கலாம். எரியாத பல்ப்பை வைத்து முடிவெடுத்தால் தேடல் தப்பான பக்கம் போய்விடும்.

அடுத்து, தூரம் காட்டும் எண்களைப் பாருங்கள். முள் படுத்திருந்தும் மைல் கணக்கு ஏறிக்கொண்டே போனால் துடிப்புகள் மீட்டர் வரை ஒழுங்காக வருகின்றன, முள்ளை அசைக்கும் பகுதியில் மட்டும் கோளாறு. இரண்டும் நின்றிருந்தால் செய்தி வரவில்லை, அல்லது மீட்டருக்குக் கரண்ட் வரவில்லை. க்ரூஸ் கன்ட்ரோல் பிடிக்க மறுப்பது, கியர் தடுக்கென்று மாறுவது இவையெல்லாம் அதே கதையின் மற்ற சாட்சிகள். "வேகமானியும் கெட்டுவிட்டது, கியர் பாக்ஸும் கெட்டுவிட்டது" என்று இரண்டு கோளாறாக எண்ணிப் பயப்பட வேண்டாம். பல நேரம் ஒரே ஒயர்தான்.

ஓட்டிக்கொண்டே இதையெல்லாம் கவனிப்பது ஆபத்து. பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

எப்போதும் ஒரே அளவில் தப்பாகக் காட்டினால்

போனில் ஜிபிஎஸ் வேகத்தையும் மீட்டரையும் ஒப்பிடுங்கள். முள் ஆடாமல் அசையாமல், ஆனால் எப்போதும் ஒரே விகிதத்தில் குறைவாகவோ கூடுதலாகவோ காட்டுகிறதா? அது பழுதே இல்லை. யாரோ டயர் அளவை மாற்றியிருக்கிறார்கள்.

235/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 28.9 அங்குலம். பிக்கப் பிரியர்கள் அதைக் கழற்றிவிட்டு 31 அங்குல டயர் போடுவது சகஜம். பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். அதனால் மைலுக்கான துடிப்புகள் குறையும். மீட்டருக்கு இது தெரியாது. அது 60 காட்டும்போது வண்டி 64 மைலில் ஓடிக்கொண்டிருக்கும். இந்த எஃப்-150 மீட்டரில் உள்ள பட்டன்களை வைத்தே டயருக்கான எண்ணை மாற்றலாம், ஆனால் ஆறு முறைக்கு மேல் அது மாற்ற விடாது. அதனால் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட்டுக் கை வையுங்கள்.

வண்டிக்கு அடியில்

ஏபிஎஸ் விளக்கும் முள்ளும் சேர்ந்து புகார் சொன்னால் அடுத்து போக வேண்டிய இடம் பின் ஆக்ஸில். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, ஆக்ஸிலை உறுதியான ஸ்டாண்டுகளில் உட்கார வைத்த பிறகுதான்.

முதலில் கண்ணால் பாருங்கள். சென்சாரின் கப்ளர், அதாவது ஒயரை மாட்டிக் கழற்றும் இணைப்பு, முழுதாக உட்கார்ந்திருக்கிறதா? உள்ளே பித்தளைப் பாத்திரத்தில் பிடிப்பது மாதிரி பச்சைக் களிம்பு இருக்கிறதா? பனிக்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவும் ஊர்களில் ஓடிய வண்டி என்றால் இருக்கவே வாய்ப்பு அதிகம். களிம்பைச் சுத்தம் செய்து மாட்டியதோடு வேலை முடிந்த வண்டிகள் உண்டு.

அடுத்தது மல்டிமீட்டர், மின்னழுத்தத்தையும் மின்தடையையும் அளக்கும் கையடக்கக் கருவி. கப்ளரைக் கழற்றிவிட்டு சென்சாரின் இரண்டு பின்களுக்கு, அதாவது உலோக முனைகளுக்கு, நடுவே மின்தடையை அளக்க வேண்டும். மின்தடை என்பது மின்சாரம் போகும் வழி எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதன் அளவு, ஓம் என்ற அலகில் வரும். இந்த சென்சாருக்கு 900 முதல் 2,500 ஓம் வரை இருக்க வேண்டும். அளவே வரவில்லை என்றால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்புறம் ஒரு பின்னுக்கும் ஆக்ஸிலின் இரும்புக்கும் நடுவே அளந்து பாருங்கள், அங்கே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. அளக்கும்போது ஒயரை மெல்ல ஆட்டுங்கள். அப்போது எண் துள்ளினால், விட்டு விட்டு ஆடும் முள்ளுக்குக் காரணம் கையிலேயே கிடைத்துவிட்டது.

எண் சரியாக இருந்தாலும் சென்சாரைக் கழற்றி அதன் முனையைப் பார்ப்பது நல்லது. அதற்கு முன் சுற்றுப்புறத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள், மேலே ஒட்டியிருக்கும் மண் துளை வழியாக டிஃபரன்ஷியலுக்குள் விழுந்தால் புது வினை. உள்ளே இருப்பது காந்தம் அல்லவா? ஆக்ஸில் ஆயிலில் மிதக்கும் இரும்புத் தூளெல்லாம் வருஷக்கணக்கில் அதில் வந்து ஒட்டியிருக்கும். தூள் மூடினால் பல்லுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம் மங்கும், துடிப்பு பலவீனமாகும். இருபது மைலுக்குக் கீழே செத்துப்போகும் முள் நினைவிருக்கிறதா? அதற்கு ஒரு பழைய துணி போதுமானதாக இருக்கலாம். மை மாதிரியான மெல்லிய பசை சாதாரணம். ஆனால் விரலில் குத்துகிற இரும்புச் சிம்புகள் வந்தால் வேகமானியை மறந்துவிட்டு ஆக்ஸிலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கியரோ பேரிங்கோ தேய்ந்துகொண்டிருக்கிறது.

கையால் சுற்றும்போது ஏமாற்றும் சக்கரம்

இந்தச் சோதனையில் அனுபவசாலிகளும் தடுக்கி விழுவதுண்டு. சென்சார் துடிப்பு தருகிறதா என்று பார்க்க, கப்ளரைக் கழற்றி, மல்டிமீட்டரை மாறு மின்னழுத்தம் அளக்கும் நிலையில் வைத்து சென்சார் பின்களில் பிடித்துக்கொண்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றுகிறார்கள். மல்டிமீட்டரில் ஒன்றும் வராது. சென்சார் செத்துவிட்டது என்று புதிது வாங்குகிறார்கள். அதிலும் வராது.

காரணம் டிஃபரன்ஷியலின் குணம். இரண்டு பின்சக்கரமும் தூக்கியிருக்க, கியர் பார்க்கில், அதாவது ஆட்டோமேட்டிக் வண்டியை நிறுத்திப் பூட்டும் நிலையில், இருந்தால், ஒரு சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினால் மற்றது பின்னோக்கிச் சுற்றும். நடுவில் உள்ள கிரவுன் சக்கரம் அசையவே அசையாது. பல்வளையம் கிரவுனோடு சேர்ந்தது. அது நின்றால் துடிப்பு எங்கிருந்து வரும்?

சரியான வழி, இன்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, கியர் பாக்ஸ் பக்கமிருந்து ஆக்ஸிலுக்குச் சக்தியைக் கொண்டுவரும் நீண்ட தண்டான புரப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் சுற்றுவது. ஷாஃப்ட் சுற்றினால் கிரவுன் கட்டாயம் சுற்றும். 3.55 விகித ஆக்ஸிலில், அதாவது ஷாஃப்ட் 3.55 முறை சுற்றினால் கிரவுன் ஒருமுறை சுற்றும் ஆக்ஸிலில், ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 30 பல் கடக்கும். மல்டிமீட்டரில் ஒரு வோல்ட்டின் சிறு பகுதியாவது துள்ள வேண்டும், வேகமாகச் சுற்றினால் எண் ஏற வேண்டும். பார்க்கும் இல்லை, ஹேண்ட் பிரேக்கும் இல்லை என்ற நிலையில் வண்டியை நிறுத்தி வைத்திருப்பது முன்சக்கரக் கட்டைகள் மட்டும்தான். அதனால்தான் அதை முதலிலேயே சொன்னேன். இன்ஜினை ஓடவிட்டு அடியில் படுத்து இதைச் செய்யாதீர்கள்.

ஒயரா, சென்சாரா?

சென்சார் நன்றாக இருக்கிறது, முள் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் நடுவில் உள்ள நீண்ட ஒயர். சேஸிஸ் விளிம்பில் உரசி மேலுறை தேய்வதும், பெட்ரோல் டேங்க் பக்கம் நசுங்குவதும் வழக்கம். முழுவதையும் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. ஒரே எண்ணை இரண்டு இடத்தில் அளந்தால் போதும்.

ஆக்ஸிலில் சென்சார் 1,500 ஓம் காட்டியது என்று வையுங்கள். அதைத் திரும்ப மாட்டிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றி, மீட்டரையும் ஏபிஎஸ் பெட்டியையும் அவற்றின் கப்ளர்களிலிருந்து பிரித்துவிட்டு, டேஷ்போர்டுப் பக்கக் கப்ளரில் அதே இரண்டு ஒயர்களுக்கு நடுவே அளக்க வேண்டும். அங்கேயும் 1,500 வந்தால் வழி சுத்தம். ஒன்றுமே வரவில்லை என்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. மிகவும் குறைந்திருந்தால் இரண்டு ஒயரும் எங்கோ ஒன்றையொன்று தொடுகின்றன.

அளக்கும் நேரத்தில் இன்னொருவர் அடியில் ஒயரைப் பகுதி பகுதியாக அசைத்தால், எண் மாறும் இடமே நோயின் இடம்.

மீட்டரின் முறை

ஒயர் வரை எல்லாம் சரி என்றால்தான் மீட்டரின் பக்கம் திரும்ப வேண்டும். அங்கேயும் முதலில் ஃபியூஸ், கரண்ட், அப்புறம் எர்த்து, அதாவது மின்சாரம் வண்டியின் உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி. இண்டிகேட்டர் போடும்போதோ ஹெட்லைட் எரியவிடும்போதோ முள் ஆடினால் எர்த்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். தெருச் சாக்கடை அடைத்திருந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர் நம் முற்றத்தில் ஏறுமே, அதே கதை. விளக்கின் மின்சாரம் திரும்பிப் போக நல்ல வழி இல்லாமல் மீட்டரின் வழியில் நெருக்குகிறது. விளக்குகளை எரியவிட்டு, மீட்டரின் எர்த்து ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவே மின்னழுத்தம் பாருங்கள். ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த எர்த்தைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கி மாட்டுங்கள்.

இதற்கும் அப்பால் மீட்டரே குற்றவாளியாக இருக்கும் வண்டிகளும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2003 முதல் 2006 வரை வந்த செவ்ரோலே சில்வராடோ, ஜிஎம்சி சியரா பிக்கப்புகளில் முள்ளை நகர்த்தும் சிறு ஸ்டெப்பர் மோட்டார்கள் தேய்ந்துபோவது ஊரறிந்த விஷயம். துடிப்பு எண்ணிக்கைக்கு ஏற்ப அடி அடியாக நகரும் மோட்டார் அது. வண்டி நின்றபோதும் முள் உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும். கூடவே இன்ஜின் சூடு, பேட்டரி முள்களும் ஏதோ காட்டும், ஆனால் மைல் கணக்கு சரியாகவே ஏறும். மேலே சொன்ன சாட்சிகளைக் கேட்டிருந்தால் இதையும் இருக்கையிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். மீட்டரை முழுதாக மாற்றாமல் மோட்டார்களை மட்டும் மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள்.

வேறு வண்டியில் தேடும்போது சென்சாரின் இடம் மாறும் என்பதையும் மனதில் வையுங்கள். 1988இல் வந்த செவ்ரோலே சி/கே பிக்கப்புகளில் அது ஆக்ஸிலில் இல்லை. கியர் பாக்ஸின் வாலிலோ, நான்கு சக்கர இழுவை வண்டியில் முன் பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸிலோ இருக்கும். அங்கே எண்ணப்படுவது ஷாஃப்டின் சுற்று என்பதால் ஆக்ஸிலின் கியர் விகிதத்தை மாற்றினாலும் வேகம் தப்பாகக் காட்டும். எஃப்-150இல் கிரவுன் சக்கரமே எண்ணப்படுவதால் விகிதம் மாறினாலும் கணக்கு மாறாது, டயர் மாறினால் மட்டும்தான். ஷாஃப்டைச் சுற்றும் சோதனை இரண்டுக்கும் பொருந்தும்.

எல்லாம் பார்த்து, மீட்டரைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவானால் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. பழைய மீட்டர் காட்டிய மைல் கணக்கைப் போட்டோ எடுத்து வையுங்கள். அமெரிக்கச் சட்டப்படி, மாற்றிய மீட்டரில் அதே எண்ணைக் கொண்டுவர முடியாவிட்டால் பூஜ்யத்தில் வைத்து, பழுது பார்ப்பதற்கு முன் இருந்த மைலையும் மாற்றிய தேதியையும் எழுதி இடது பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். பழைய இரும்புக் கடை மீட்டரில் வேறு யாருடைய வண்டியோ ஓடிய தூரம் இருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு ஓட்டினால், வண்டியை விற்கும் நாளில் அந்த எண்ணுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.